பூவுக்காக ஒரு சைஸ் பெரிசு

இன்று காலை ஹெல்மெட்டைத் துவைக்க உட்கார்ந்தேன். துவைப்பது என்றால் உள்ளே இருக்கிற துணி மெத்தையை மட்டும். அதைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும் என்று கடைக்காரர் உனக்கும் எனக்கும் சேர்த்துத்தானே சொல்லிக்கொடுத்தார். கன்னத்து மெத்தையை இழுத்ததும் பஞ்சு பொடிப்பொடியாகக் கையில் உதிர்ந்தது. அதற்கு அடியில் ஓட்டோடு ஒட்டிக்கொண்டு ஒரு மல்லிகை மொக்கு இருந்தது. காய்ந்து பழுப்பேறிப் போயிருந்தது. முகர்ந்து பார்த்தேன், வாசனை எதுவும் இல்லை. ஆனாலும் முக்காலியை விட்டு எழுந்திருக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அது உன் வேலைதான். உதிரிப்பூ வாங்கும்போதெல்லாம் உனக்குக் கூடை என் ஹெல்மெட். "கவுத்து வெச்சா தொப்பி, நிமுத்தி வெச்சா கூடை, உன்ற தலைக்கு மட்டும்னு யாரு சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே கொட்டிவிடுவாய். உன்னுடைய ஹெல்மெட்டில் ஏன் கொட்டவில்லை என்று நான் கேட்டால், அது அழுக்காகிவிடுமாம்.

உன்னைப் பற்றி யோசித்தால் முதலில் தலைமுடிதான் வருகிறது. ஸ்ரீரங்கப்பட்டணம் ரோட்டில் நம் கார்மெண்ட்ஸ் பேக்டரிக்குள் நுழைந்தால், வரிசையாகக் குனிந்திருக்கும் அத்தனை தலைகளிலும் உன் தலை எது என்று தூரத்திலிருந்தே தெரியும். அப்படி ஒரு கொண்டை, அதைச் சுற்றி இரண்டு முழம் மைசூர் மல்லிகை, கழுத்தில் இஞ்ச் டேப். நீ காலர் தைக்கிற லைனுக்கு சூப்பர்வைசர், நான் பட்டன் லைனுக்கு. நான் சேலத்திலிருந்து வந்த குடும்பம், மைசூரிலேயே பள்ளிக்கூடம் போனவள். நீ மாதேஸ்வரன் மலை அடிவாரத்து ஹனூர்ப் பக்கம், பேசினால் கொங்குத் தமிழ். உன் வாயில் மேனேஜர் உட்பட எல்லோரும் 'புள்ள'தான்.

நாம் முதல் ஹெல்மெட் வாங்கிய கதை உனக்கு நினைவிருக்கும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், பேக்டரியில் மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, மத்தியானமே விட்டுவிட்டார்கள். அரை ஹெல்மெட் போட்டவர்களைப் போலீஸ் நிறுத்துகிறது என்று பேச்சு அடிபட்ட சமயம் அது. வண்டிக்கு மாலை வாங்க தேவராஜ மொஹல்லா கடைத்தெருவுக்குப் போன நாம், பட்டுப்புடவையும் கொண்டையும் பூவுமாக அப்படியே ஹெல்மெட் கடைக்குள்ளும் ஏறினோம். அன்றைக்கு என் தலையிலும் நீ பின்னிவிட்ட சடை, நீ வைத்துவிட்ட பூ. கடைக்காரர் அளவு பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். போட்டால் பூ நசுங்கியது.

"ஸ்வல்ப டைட் இர்பேக்கு மேடம்" என்று அவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னது உன் காதில் ஏறவே இல்லை.

"பூவு கசங்குதுங்களே. ஒரு சைஸ் பெருசு குடுங்க, ரெண்டு பேருக்கும்."

பூ வைத்த தலைக்கு அளவெடுத்து ஹெல்மெட் வாங்கியவர்கள் உலகத்திலேயே நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம் என்று பிற்பாடு நினைத்திருக்கிறேன். அப்படியும் சொல்ல முடியாது. இந்த ஊரில் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

அடுத்து வந்த கரும்பு வெட்டும் காலத்தில்தான் நான் விழுந்தேன். டிராக்டரிலிருந்து விழுந்து நசுங்கிய கரும்பு வளைவில் கிடந்தது, வண்டி சறுக்கிவிட்டது. தலை பிழைத்தது. ஆனால் தொளதொளவென்று இருந்த ஹெல்மெட் ஒரு பக்கம் சுழன்று, அதன் வார் தாடையில் மாட்டி, கழுத்தைத் திருகிவிட்டது. பின்னால் உன் வண்டியில் வந்துகொண்டிருந்த நீதான் முதலில் ஓடி வந்தாய். நீ என்ன சொன்னாய் என்று எனக்கு நினைவில்லை. என் ஹெல்மெட்டைக் கழற்ற வந்தவர்களைக் கிட்டே விடாமல், ஆம்புலன்ஸ் வரும்வரை என் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாய். அந்தக் கைகளில் பூவாசனை அடித்தது மட்டும் நினைவிருக்கிறது.

எலும்பு முறியவில்லை, நரம்பு இழுத்துக்கொண்டது என்றார் டாக்டர். கழுத்து வலப்பக்கம் திரும்ப மறுத்துவிட்டது. கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்பினேன். வீட்டில் அம்மாவும் நானும்தான், என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. எங்கள் ஏரியாவுக்கு பேக்டரி வேன் வராது. வண்டி ஓட்ட முடியாவிட்டால் வேலை இல்லை. காலர் பட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்த மாதங்களில் என் தலைக்குள் ஓடியதெல்லாம் அந்தக் கணக்குதான். சாயங்காலம் வேலை முடிந்து நீ வருவாய். பேக்டரி வம்பையெல்லாம் கொட்டுவாய். போகும்போது, "எங்கே, திரும்பு பாக்கலாம்" என்பாய். நான் கொஞ்சமாய்த் திரும்புவேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு போவாய்.

பிசியோதெரபியோ காலமோ, ஒரு நாள் கழுத்து திரும்பியது. சுவரில் தொங்கிய காலண்டரைத் தோளை அசைக்காமல் பார்த்தேன். உனக்குத்தான் முதலில் போன் செய்தேன். நீ, "நான் ஊருக்குப் போய்ட்டு வந்துடறேன் புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எனக்குக் கோபமான கோபம். நான் எவ்வளவு பெரிய சேதி சொல்கிறேன், இவளுக்கு ஊர் கேட்கிறதா?

வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கனமான ஹெல்மெட் கூடாது, லேசாகவும் தலைக்குச் சரியாகவும் முகம் முழுக்க மூடுவதாகவும் இருக்க வேண்டும். யாராவது ஹெல்மெட் பேச்சை எடுத்தாலே நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்று உன்னிடம் போனில் சொன்னேன். "உடு, ஆனா மொதல்ல கடைக்கு வா. வாங்கி வெச்சுட்டு அப்பறம் வேலைய உடு" என்றாய். உன்னோடு யாரால் வாதாட முடியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு வந்தாய். வெயிலுக்காக என்று நினைத்தேன். அதே கடை, அதே கடைக்காரர். அவர் எடுத்து நீட்டிய ஹெல்மெட்டை என்னால் வாங்க முடியவில்லை. உள்ளே இருக்கிற அந்த இருட்டைப் பார்த்ததும் வெளியே போகலாம் என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இரு. நான் போட்டுக் காட்டறேன்" என்று சொல்லித் துப்பட்டாவை இறக்கினாய்.

மொட்டை. சுத்தமான மொட்டை, அதன் மேல் காய்ந்து திட்டுத் திட்டாக வெடித்த சந்தனம். காதோரம் ஒரு மச்சம் இருந்தது. இத்தனை வருஷத்தில் அதை நான் பார்த்ததே இல்லை, முடிக்குள் ஒளிந்திருந்தது. கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர்தான் முதலில் புரிந்துகொண்டார். உங்கள் மலையில் இருக்கிற மாதேஸ்வரனை இந்தப் பக்கத்தில் எல்லோரும் கூப்பிடுகிற பெயரைச் சொல்லி, "மாதப்பனா?" என்று கேட்டார். நீ தலையாட்டினாய். அவர் கையில் இருந்த ஹெல்மெட்டோடு சேர்த்துக் கும்பிட்டார்.

"எதுக்குடி?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"பூவு கசங்கக்கூடாதுன்னு பெருசு கேட்டது நாந்தானே? நீ உழுந்த அன்னைக்கே வேண்டிக்கிட்டேன், உன்ற கழுத்து திரும்புனா என்ற முடி மாதப்பனுக்குன்னு. அவரு குடுத்துட்டாரு, நானும் குடுத்துட்டேன்."

"வீட்டுல என்ன சொன்னாரு?"

"என்ற ஊட்டுக்காரரா? மூணு நாளு ஒண்ணும் சொல்லலை. நாலாம் நாளு, கொழம்பு நல்லாருக்குதுன்னாரு."

நான் அழுதேன். கடை என்றும் பார்க்காமல், மூக்கு ஒழுக அழுதேன். எனக்குச் சாமி விஷயத்தில் உன் அளவுக்கு உறுதி கிடையாது, அது உனக்கே தெரியும். என் கழுத்தைத் திருப்பியது மாதப்பனா, பிசியோதெரபிக்காரப் பெண்ணா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒருத்திக்காக இன்னொருத்தி தன்னிடம் இருந்ததிலேயே அழகானதை எடுத்துக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி மூச்சுவிடாமல் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். அவ்வளவு பெரிய ஒன்றுக்குப் பக்கத்தில் நான் அதற்குமுன் நின்றதில்லை.

நீயோ அதற்குள் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துவிட்டாய். புருவத்துக்குக் கொஞ்சம் மேலே, காதுக்கு மேலாக, பின்னந்தலை புடைப்பைச் சுற்றி, பேக்டரியில் காலர் அளக்கிற அதே கவனத்தோடு என் தலையை அளந்தாய். பிறகு உன்னுடையதை. இரண்டும் ஒரே அளவு! "இத்தனை நாளும் என்ற தலை பெருசுன்னு நெனச்சேன். எல்லாம் முடிதான் போல" என்று சிரித்தாய்.

அன்று நாம் ஹெல்மெட் தேர்ந்தெடுத்த விதத்தை அந்தக் கடைக்காரர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஸ்டிக்கரில் போட்டிருந்த எடையை நீ நம்பவில்லை. இரண்டு கையிலும் இரண்டு ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு, சந்தனம் பூசிய மொட்டைத்தலையோடு, மத்தியான வெயிலில் ரோட்டைக் கடந்து எதிரே இருந்த வாழைப்பழக்காரரிடம் போனாய். அவர் நஞ்சன்கூடு ரசபாளெப் பழச் சீப்பை இறக்கிவிட்டு ஹெல்மெட்டைத் தராசில் வைத்தார். ஜனம் நின்று வேடிக்கை பார்த்தது. உனக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. நான் கடைப்படியில் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பயம் எந்த நிமிஷத்தில் போனது என்று கேட்டால், அந்த ரோட்டை நீ கடந்தபோதுதான் என்று சொல்வேன்.

மிக லேசாக இருந்ததைத்தான் முதலில் போட்டேன். போட்டதும் கழற்ற நீ விடவில்லை, உட்காரவைத்தாய். தாகம் என்றதும் இளநீர் வாங்கி வந்து, முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, ஸ்ட்ராவை உள்ளே நீட்டினாய். குடித்து முடித்துக் கொஞ்ச நேரம் கழித்துக் கழற்றச் சொல்லி என் நெற்றியைத் தடவிப் பார்த்தாய். "கோடு உழுந்திருக்குது. இது லேசுதான், ஆனா உன்ற தலைக்கு ஆகாது" என்று தள்ளிவிட்டாய். அடுத்தது தராசில் கொஞ்சம் கூடுதல். ஆனால் தலையில் ஏறியதும் எடை ஒரு பக்கமாக இழுக்காமல் சமமாக உட்கார்ந்தது. கன்னத்தை இறுக்கியது, நெற்றியை உறுத்தவில்லை. நீ இரண்டு கையாலும் அதைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தாய். என் தோல் அதோடு சேர்ந்து நகர்ந்தது, ஹெல்மெட் தனியாகச் சுழலவில்லை. அன்றைக்கு விழுந்தபோது என் தலையைப் பிடித்த அதே கைகள்.

"நெம்ப நல்லாருக்குது. இதையே ரெண்டு குடுங்க" என்றாய்.

உன் முடி மறுபடி வளர்ந்தது. ஆனால் ஹெல்மெட் போடுகிற தலையில் நீ பூ வைக்கவே இல்லை. மல்லிகையை வாழையிலையில் சுருட்டி டிபன் பாக்ஸ் மேல் வைத்துக் கொண்டுவருவாய், பேக்டரி வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் தலையில் ஏறும். உன்னைப் பார்த்து உன் லைன் பெண்கள் எல்லோரும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். காலையில் வண்டி ஸ்டாண்டே பூக்கடையாக மணக்கும்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி வரவில்லை. நானும் வேண்டிக்கொண்டேன், தெரியுமா? வெட்கத்தை விட்டு, அந்த மாதப்பனிடமே, என் முடியை எடுத்துக்கொள் என்று கேட்டேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அதற்காக அவரோடு எனக்கு இன்னும் சண்டை இருக்கிறது. நீ இருந்தால், "உன்ற எலிவாலை வெச்சுக்கிட்டு அவரு என்ன பண்ணுவாரு?" என்று கேட்டிருப்பாய்.

மெத்தை உதிர்ந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் நீ சும்மா விடமாட்டாய். அதனால் இன்று மத்தியானம் கடைக்குப் போனேன். உன் இஞ்ச் டேப்பை உன் வீட்டுக்காரர் என்னிடம் கொடுத்திருக்கிறார், அதைக் கொண்டுபோனேன். கடைக்காரர் உன்னைக் கேட்டார். சொன்னேன். அவர் கல்லாவைப் பூட்டினார். பிறகு அவராகவே இரண்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் தராசுக்குப் போனார்.

நான் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு நெற்றியில் கோடு விழுகிறதா என்று உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் வந்தாள். நிறைய முடி, நிறைய மல்லிகை, கல்யாணத்துக்குப் போகிற மாதிரிப் புடவை. போட்டுப் பார்த்தாள், பூ நசுங்கியது. "இன்னொந்து சைஸ் தொட்டது கொடி" என்று பெரிய சைஸ் கேட்டாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து போனேன். பூவைக் கழற்றிக் கொடுங்கள், நீங்கள் போட்டுப் பார்த்து முடிக்கிறவரை நான் வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அவள் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள். பிறகு பின்னை உருவி, சரத்தை என் உள்ளங்கையில் வைத்தாள். அந்தப் பெண் தன் அளவைக் கண்டுபிடிக்கும்வரை, பூவைக் கீழே வைக்காமல், இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன்.

புது ஹெல்மெட்டைப் போட்டு வாரை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். மெயின் ரோட்டில் சேருமுன், வண்டி வருகிறதா என்று வலப்பக்கம் பார்க்க வேண்டும். பார்த்தேன். கழுத்து வலிக்காமல் திரும்பியது. ஒவ்வொரு முறை அது திரும்பும்போதும், ஸ்ரீரங்கப்பட்டணம் ரோட்டில் யாருக்கும் தெரியாமல், ஹெல்மெட்டுக்குள் உன்னைக் கும்பிடுகிறேன், புள்ளே.