இருவருக்கும் ஒரே கோட்டு

ஏட்டி,

அந்துருண்டை வாசம் இன்னும் என் மேலேயே இருக்கிறது. நம் கறுப்புக் கோட்டை இன்றைக்குப் போட்டுக்கொண்டு போனேன். நம் ஆஸ்பத்திரியிலேயே மேனேஜர் வேலைக்கு நேர்காணல்! சென்னையிலிருந்து அனுபவமுள்ள ஒருவரும் வந்திருந்தார். அவரை எடுத்துவிட்டால் நான் காலமெல்லாம் ரிசப்ஷனிலேயே கிடக்க வேண்டியதுதான்.

மருத்துவமனை நிர்வாகம் படித்து முடித்ததும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு கோட்டு தைத்தோமே, நினைவிருக்கிறதா? "ரெண்டு பேரும் ஒரே நேரத்துலயா உள்ள போகப் போறோம்? ஒண்ணு போதும்ட்டி" என்றாய். உன் அளவுக்குத் தைத்ததால் கை எனக்கு விரல் வரை தொங்கியது. இதே ஆஸ்பத்திரிக்கு முதல்முதலாக நேர்காணலுக்கு வந்த அன்று, நீ பேசிவிட்டு வெளியே வந்து கதவருகிலேயே கோட்டைக் கழற்றி நீட்டினாய். நான் மாட்டிக்கொண்டு உள்ளே போனால், ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இந்தக் கோட்டு இப்பத்தான வெளிய போச்சு!" என்றார்கள். சிரித்துவிட்டேன். இருவருக்குமே வேலை கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு நீ போட்ட சண்டை இருக்கிறதே! ஹார்ட் டாக்டர் சாயங்காலம்தான் வருவார். குருவிகுளம், இளையரசனேந்தல் பக்கத்து ஆட்கள் காலை பஸ்ஸில் வந்து பகலெல்லாம் காத்திருந்து, ஊர் திரும்பும் பஸ்ஸை விடக்கூடாதென்று டாக்டரைப் பார்க்காமலே எழுந்து போவார்கள். "டாக்டர் வசதிக்கா ஆஸ்பத்திரி நடத்துதோம்? பஸ்ஸப் பாத்துல்லா நேரம் வைக்கணும்!" என்று டாக்டரம்மாவிடமே மல்லுக்கு நின்றாய். அவர்கள் கேட்கவில்லை. போன வருஷம் மூளைக்காய்ச்சலில் நீ போனபின், உன் அம்மா கோட்டை என்னிடம் தந்தார்கள். பீரோவில்தான் வைத்திருந்தேன்.

"மேனேஜரானா மொதல்ல எத மாத்துவே?" என்று இன்று டாக்டரம்மா கேட்டதும், ஒரு வாரமாக மனப்பாடம் செய்த பதிலெல்லாம் பறந்துவிட்டது.

"ஹார்ட் டாக்டரக் காலையில வர வைப்பேன் மேடம். அவருக்கு முடியாதுன்னா வேற டாக்டரப் பாப்போம். வந்த சனம் பாக்காமத் திரும்பிப் போகக்கூடாது." உன்னை மாதிரியே சத்தம் போட்டுவிட்டேன்.

டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகக் கோட்டைப் பார்த்தார்கள். "அவ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும். திங்கக்கிழமையிலருந்து நீதாம்மா மேனேஜர்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை! கதவைத் திறந்து வெளியே வந்ததும், அன்றைக்கு மாதிரியே, கோட்டைக் கழற்றி நீட்டிவிட்டேன். எனக்கு முன்பே பேசிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்திருந்த சென்னைக்காரர் திருதிருவென்று விழித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மறுபடியும் மாட்டிக்கொண்டேன். கை இன்னும் விரல் வரைதான் தொங்குகிறது. அதைச் சுருக்கித் தைக்க மாட்டேன். திங்கட்கிழமையும் இதைத்தான் போட்டுக்கொண்டு போவேன்.

நமக்கு வேலை கெடச்சிட்டு, ஏட்டி!