பதினெட்டாவது தலை

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நீ நன்றாக இருக்கிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, முதுகுவலி விட்டதா? இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போலத் தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும், அதனால் உன் நலத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் நேற்றே தபாலில் போய்விட்டது. அதில் அப்பா சுகம், கொஞ்சம் இளைத்திருக்கிறார், அவ்வளவுதான் என்று இருக்கும். அது அம்மாவின் வார்த்தை, கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. இந்தக் கடிதம் முழுக்க என்னுடையது, இப்படி ஒன்றை எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பரீட்சை அட்டையை மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. அப்பா இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்துவந்து வாசல் கதவைப் பூட்டியாயிற்றா என்று இழுத்துப் பார்க்கிறார். அந்தச் செருப்புச் சத்தம் கேட்டதும் விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

இன்று அப்பா எங்களை பீட்சா சாப்பிடக் கூட்டிப்போனார். நம் அடுப்புக்கடைதான். என் பரீட்சை முடிவு வந்துவிட்டது, கணக்கில் ஐம்பத்தொன்று, சிரிக்காதே. முடிவு எப்படி இருந்தாலும் அங்கே போவது நம் வீட்டு வழக்கமாயிற்றே. நீ இரண்டு பாடத்தில் கோட்டைவிட்ட வருஷம்கூட, தோத்தவனுக்குத்தான்டா பசி அதிகம் என்று சொல்லி அப்பா பெரிய பீட்சாவாக வாங்கிக்கொடுத்தாரே. அங்கே போய் உட்கார்ந்தால் அப்பா பழைய அப்பாவாகிவிடுவார் என்று எனக்கு ஒரு நப்பாசை. ஆனால் அது நாம் பார்த்த கடையே இல்லை அண்ணா. மீசை மாமா விறகு தள்ளிக்கொண்டு நிற்பாரே, அந்த அடுப்பின் வாயைப் பலகை வைத்து அடைத்து, அதன்மேல் ஒரு பெரிய திரையை மாட்டியிருக்கிறார்கள், அதில் பீட்சா படம் ஓடுகிறது. எல்லாம் எங்கிருந்தோ பாதி வெந்து பெட்டியில் வருகிறதாம், இவர்கள் சூடாக்கித் தருவதோடு சரி. என்ன வேண்டும் என்று ஆளிடம் சொல்ல முடியாது, வாசலில் இருக்கும் இயந்திரத்தில் விரலால் தொட வேண்டும். அப்பா அதன் முன்னால் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பின்னால் இருந்த ஒருவன், பெரியவரே, அது டிவி இல்ல, தொட்டாத்தான் வேலை செய்யும் என்றான், வரிசையே சிரித்தது. அப்பாவை யாரும் பெரியவரே என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானே போய் நடுத்தர அளவைத் தொட்டேன். அப்பா என் கையைத் தட்டிவிட்டு, பெருசா போடும்மா, துரை வந்தா நமக்குத் துண்டுகூட மிஞ்சாது என்றார். நீ பல் தேய்க்க அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு அப்பா ஓட்டும் பள்ளி வேனையே காக்கவைப்பாயே, அப்போது அவர் உனக்கு வைத்த பெயர். நீ ஊரில் இல்லாமல் மூன்று வருஷம் ஆகிறது. அம்மா தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உட்கார்ந்ததும் தொப்பி போட்ட ஒரு அக்கா தட்டு கொண்டுவந்தாள். அவளிடம் அப்பா, மீசைக்காரர் எங்கம்மா, லீவா என்று கேட்டார். அப்படி யாரும் இங்கே இல்லையே சார் என்றாள். மீசை மாமா இறந்து இரண்டு வருஷம் ஆயிற்று, அவருடைய சொந்தக்காரர்களை நம் வேனில் ஏற்றிக்கொண்டு மயானத்துக்குப் போனவரே அப்பாதான். அம்மா காதோடு சொன்னதும், ஆமா ஆமா, நல்ல மனுஷன் என்றார். பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மறுபடியும் அந்த அக்காவைக் கூப்பிட்டு அதே கேள்வி. பீட்சாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அடியில் அட்டை, மேலே ரப்பர். நாம் அடித்துக்கொள்வோமே, அந்தக் கருகின ஓரம், அது ஒரு துண்டில்கூட இல்லை. அப்பா ஒரு துண்டை எடுத்துக் காலி நாற்காலிக்கு முன்னால் தட்டில் வைத்தார். பிறகு வேனில் பிள்ளைகளை எண்ணுவாரே, அதேபோல உள்ளங்கையை வைத்து எண்ணினார். அம்மா தலை ஒன்று, என் தலை இரண்டு, தன் நெஞ்சு மூன்று, அந்த நாற்காலியின் முதுகு நான்கு. சரியா இருக்கு, சாப்பிடுங்க என்றார். வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. இரண்டு மாதமாக அப்பாவுக்கு வழி மறக்கிறது. அம்மா என்னை முன்சீட்டில் உட்காரவைத்து, திருப்பம் வரும்போது மெதுவா சொல்லிடு, யாரும் கவனிக்கக்கூடாது, அண்ணன் லீவுல வர்ற வரைக்கும் தள்ளிட்டா போதும் என்றாள். நான் இடது, வலது என்று பாட்டு முணுமுணுப்பதுபோலச் சொல்கிறேன். வேன் பிள்ளைகள் என்னை முன்சீட்டு மகாராணி என்று கேலி செய்கிறார்கள், செய்யட்டும். என்னையும் சேர்த்து வேனில் பதினெட்டுப் பேர். பள்ளி வாசலில் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணித்தான் இறக்குவார் என்பது உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையும் எண்ணினார், பதினெட்டு என்று சொன்னதை நானே கேட்டேன். வேன் கிளம்பியது. எல்லோரிலும் சின்னவன் ஒருவன் இருக்கிறான், சட்டையில் எப்போதும் ஒரு பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வருவதால் அவனுக்குப் பொத்தான் என்றே பெயர். அவன் பையைத் தினமும் நான்தான் தூக்கி வருவேன். இந்தாடா என்று பையை நீட்டினேன், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. வேன் தெருமுனையில் ஒரு லாரிக்காக நின்றிருந்தது, அது மட்டும் நிற்காமல் இருந்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பொத்தான் கடைசி சீட்டுக்கு அடியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா வெயிலில் வேனை நிறுத்திக் கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டுச் சாயங்காலம்தானே வருவார். எண்ணினேனேம்மா, சரியாத்தானே இருந்துச்சு என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை அண்ணா. ஒரு தலை குறைந்தால் அந்த இடத்தில் உன்னை வைத்து எண்ணிவிடுகிறார்.

அம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன். அவள் என் வாயைப் பொத்தி, யாருகிட்டயும் மூச்சு விடாதே, வேன் நின்னா வீடே நின்னுடும், அண்ணன்கிட்ட சொன்னா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவான் என்றாள். சொல்லிவிட்டு அவளும் தூங்கவில்லை, அவளைத் தப்பாக நினைக்காதே. இன்று கடையிலிருந்து திரும்பும்போது மறுபடி சொன்னேன், அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். இந்தக் கடிதம் உன்னிடம் வந்துசேரப் பத்து நாளாவது ஆகும். ஆனால் விடிந்தால் திங்கட்கிழமை. அதனால் வேனின் இரண்டு சாவிகளையும் எடுத்துவிட்டேன். இப்போது என் ஜியோமெட்ரி பெட்டியில் காம்பஸுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. திருடுவது எனக்கு இதுதான் முதல் தடவை, அதுவும் அப்பாவிடம்.

கடிதம் கிடைத்ததும் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது அம்மா பக்கத்திலேயே நிற்பதால் என்னால் எதுவும் சொல்ல முடியாது, அவள் எல்லாம் நல்லா இருக்கு என்றால் சரி என்று வைத்துவிடாதே, அப்பாவிடம் கொடுக்கச் சொல். டாக்டரிடம் போக வேண்டும் என்று நீயே சொல், துரை சொன்னால் கேட்பார். இதற்குப் பதில் கடிதம் போடாதே, தபாலை அம்மாதான் வாங்குகிறாள். வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும் என்று அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் எழுதச் சொல்வாள், இன்று அவளுக்காகவும் சேர்த்து நானே எழுதுகிறேன்.

எனக்கு அடிக்குப் பயமில்லை, அப்பா அடித்ததே இல்லை. காலையில் ஆணியில் சாவி இல்லை என்றதும் தானே எங்கோ வைத்துவிட்டு மறந்துபோனதாக நினைத்து, சட்டைப்பை, தலையணை அடி, செருப்புக்குள் என்று தேடுவாரே, அந்த முகத்துக்குத்தான் பயம். அவரை ரொம்ப நேரம் தேட விடமாட்டேன். நான்தான்ப்பா எடுத்தேன், இதை நீங்க மறக்கல என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் தங்கை,
முன்சீட்டு மகாராணி