பெக்-ஹாவின் எட்டு எழுத்துகள்

லூகாங், தைவான். 1972 அக்டோபர் 12, வியாழன்

லூகாங்கில் காற்றுக்காலம் ஆரம்பித்துவிட்டது. கோவில் சந்தில் என் ஜோசிய மேசைத் துணி இரண்டு முறை பறந்து போக, போகிற வருகிறவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். வந்தது ஒரே ஒரு ஆள், கயிற்றுக்கடை சுவா அம்மாள். மகன் தெக்-செங்குக்கு எங்கள் சந்துத் தையற்காரி பெக்-ஹாவைப் பேசி வைத்திருக்கிறாளாம். இருவரும் பிறந்த வருடம், மாதம், நாள், நேரம், ஒவ்வொன்றுக்கும் இரண்டெழுத்து, ஆளுக்கு எட்டு எழுத்தாகச் சிவப்புத் தாளில் எழுதிக் கொண்டுவந்தாள். "நல்லாப் பாருங்க, எனக்கு ஒரே பிள்ள." ஞாயிறு சொல்கிறேன் என்றேன்.

பெக்-ஹா நல்ல பெண். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்.

அக்டோபர் 13

கட்டம் போட்டேன். எழுத்துகளின்படி அவள் நீர், நிறைந்த நீர். அவன் மரம். நீர் மரத்தை வளர்க்கும், சரி. ஆனால் இந்த மரத்தின் அடியில் மண்ணே இல்லை. தண்ணீர் வந்தால் மிதக்கும். நீர் அதிகம் என்று சொல்வதா, வேர் இல்லை என்று சொல்வதா? என் தொழிலில் பாதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. கட்டம் மிதக்கிற மரத்தைக் காட்டும். தப்பு யார்மேல் என்று நான்தான் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 14

தெக்-செங் வந்தான். தாய்ச்சுங் நகரத்தில் சைக்கிள் தொழிற்சாலையில் வேலை. அம்மாவுக்குத் தெரியாமல் பஸ் ஏறி வந்திருக்கிறான். அங்கே வேறொரு பெண்ணைப் பிடித்திருக்கிறது, வீட்டில் சொல்லப் பயமாம்.

"பொருந்தலன்னு சொல்லிடுங்க ஐயா. பொண்ணுக்குத் தண்ணி ஜாஸ்தி, புருஷன அடிச்சிட்டுப் போயிடும்னா போதும். யாருக்கும் நஷ்டமில்ல."

"உனக்கு நஷ்டமில்ல. அடிச்சிட்டுப் போற பொண்ணுன்னு ஒரு தடவ பேரு வந்துட்டா, அப்புறம் எவன் அவளக் கேட்டு வருவான்?"

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டான். அவன் போனதும், பக்கத்துக் கடையில் சிப்பி அடை சுட்டுக்கொண்டிருந்த என் மனைவி ஆ-கிம் சொன்னாள்: "உங்க கட்டத்துக்குக் கையிருந்தா அவன் கன்னத்துல ஒண்ணு விட்டிருக்கும்."

அக்டோபர் 15

சுவா அம்மாளிடம் சொல்லிவிட்டேன். பெண்ணின் கட்டத்தில் ஒரு குறையும் இல்லை. உங்கள் மகன் மரம்தான் இன்னும் வேர் பிடிக்கவில்லை, மூன்று வருடத்துக்கு யாரையும் கட்டி வைக்காதீர்கள் என்றேன். அந்த 'யாரையும்' கொஞ்சம் அழுத்தம்தான். அவள் முகம் வாடிப் போனது. எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். பெண் பெயர் கெடவில்லை, மகராசன் கல்யாணமும் தள்ளிப் போயிற்று. இன்று இரண்டு அடை சாப்பிட்டேன்.

அக்டோபர் 19

எல்லாம் கெட்டது.

பெக்-ஹா சிரித்த முகமாக வந்தாள். "மூணு வருஷம்தானே மாமா? காத்திருக்கேன்னு அத்தைகிட்ட சொல்லிட்டேன்." சுவா அம்மாள் சந்தோஷத்தில் அழுதுவிட்டாளாம். பெக்-ஹா எனக்கு நன்றி வேறு சொன்னாள்.

அவன் அங்க ஒருத்தியோட சுத்துறான், இவ இங்க காத்துக் கெடக்கப் போறா. நான் ஏன் என் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கல? மூணு வருஷம்னு யாரு கேட்டா — கட்டமா கேட்டுச்சு?

வந்தவர் சொன்னதை வெளியே விடக் கூடாது. இதுவரை விட்டதில்லை. ஆ-கிம்மிடம் புலம்பினேன். "கெட்டிக்காரத்தனம் பண்ணத் தெரிஞ்சுதுல்ல, இப்ப பஸ் ஏறுங்க" என்றாள்.

அக்டோபர் 21

தாய்ச்சுங் போய்த் தெக்-செங்கைத் தொழிற்சாலை வாசலில் பிடித்தேன். அவன்தான் சண்டைக்கு வந்தான். "மூணு வருஷம் யாரையும் கட்டக் கூடாதாமே, நான் உங்களுக்கு என்ன பாவம் செஞ்சேன்?" பெக்-ஹா காத்திருக்கப் போவதைச் சொன்னேன். நாளைக்குள் அவளிடம் நீயே சொல், இல்லையென்றால் நான் சொல்வேன் என்றேன்.

அக்டோபர் 22

வந்தான். தையற்கடை வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனான், முதலிலேயே என்னிடம் வந்ததையும் சேர்த்து.

அக்டோபர் 24

பெக்-ஹா வந்தாள். உட்காரவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

தெரியும் என்றேன்.

"என் எட்டு எழுத்துல எந்த எழுத்து மாமா, இவ உண்மையத் தாங்க மாட்டாள்னு சொல்லுச்சு?"

முப்பது வருடத் தொழில். மேசைத் துணியை நேராக இழுத்துவிட்டேன். அவள் போன பிறகும் வெட்கம் போகவில்லை.

நவம்பர் 6

பெக்-ஹா எதிரே வந்தாள். ஆ-கிம்மிடம் பேசினாள். என்னிடம் இல்லை.

1973 மார்ச் 18, ஞாயிறு

பெக்-ஹாவின் அம்மா இரண்டு சிவப்புத் தாள்களோடு வந்தாள். மாப்பிள்ளை ரேடியோ பழுது பார்ப்பவன். பெக்-ஹாவும் அவனும் கூடவே வந்தார்கள். நான் தாளைப் பிரிக்கக் கையை நீட்டினேன். "வேணாம் மாமா. முதல்ல நாங்க பேசிக்கிறோம்" என்றாள் பெக்-ஹா. என்னோடு அவள் பேசியே எத்தனையோ நாளாகிறது.

ஆ-கிம் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அடை ஆறிப் போனது. இவள் கேள்வி கேட்கிறாள், அவன் யோசித்து யோசித்துச் சொல்கிறான், நடுவில் அவனும் ஏதோ கேட்கிறான். தாளின் ஓரத்தைச் சற்றே தூக்கிப் பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. ஆ-கிம் கரண்டியோடு முறைத்தாள்.

வெகுநேரம் கழித்து என் மேசைக்கு வந்தார்கள். பெக்-ஹா தாள்களை என் பக்கம் தள்ளினாள்.

"கல்யாணத்துக்கு நாள் குறிங்க மாமா. அதுக்கு மட்டும் பிரிச்சுக்கோங்க. வேற எதுவும் பாக்க வேணாம்."

நாள் குறித்துக் கொடுத்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை.