இடது கதவின் நிறம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

வேலைக்குப் போய்வர ஒரு பழைய கார் பார்க்கப் போனேன். "ஒரு கீறல்கூட விழுந்ததில்லம்மா," என்று விற்பவர் சத்தியம் பண்ணினார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வெயிலில் பார்த்தால் இடது கதவு மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. கையோடு கொண்டுபோன காந்தத்தை அதில் வைத்தேன், ஒட்டாமல் கீழே விழுந்தது. நசுங்கிய தகரத்தின் மேல் தடிமனாகப் பட்டி பூசியிருக்கிறார்கள்!

"வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு," என்று மழுப்பினார்.

வாசலில் ஊன்றுகோலோடு நின்ற அவர் மனைவி, "பொய் சொல்லாதீங்க. கார் இடிச்சப்போ அந்தப் பக்கம் நான்தானே உட்கார்ந்திருந்தேன்," என்றார். விற்பவர் தலை நிமிரவே இல்லை.

கார் வேண்டாமென்று வந்துவிட்டேன். கவலைப்படாதே, பேருந்து இருக்கிறது. இங்கே தலை பின்னிவிட ஆளில்லை. முடியைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளட்டுமா? உடனே எழுது. வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்