தேவசகாயத்தின் வட்டில்

1912 ஜூலை 3, புதன். பாளையங்கோட்டை

காலையிலிருந்து காற்று. கொடியில் வேட்டி நிற்கவில்லை. வந்து ஒன்பது நாள். இன்றுதான் ஆற்றில் இறங்கினேன். முழங்கால் வரை. யாழ்ப்பாணத்தில் கிணறு உண்டு, கடல் உண்டு, ஆறு கிடையாது. இருபது வயதில் முதல் ஆறு. இவ்வளவு நல்ல தண்ணீர் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. யாராவது அடைக்க வேண்டாமா என்று ஒரே பதற்றம். கொக்கிரகுளம் படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தவர், "என்ன வே, ஆத்தைப் பாத்ததே இல்லையா?" என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை.

ஏற்பாடு, மறக்காமல் இருக்க: இரண்டு ஊர் மிஷன் பாதிரிமாரும் பேசிச் செய்தது. அங்கிருந்து ஒருவன் இங்கே, இங்கிருந்து ஒருவன் அங்கே. ஒரு வருடம், ஆசிரியர் பயிற்சி. நான் தேவசகாயம் வீட்டில், தேவசகாயம் (இனி தே.) எங்கள் வீட்டில். ஒருவன் பாதியில் திரும்பினால் மற்றவனும் திரும்ப வேண்டும். தே.யை நான் பார்த்ததே இல்லை. அவன் சட்டை எனக்குத் தோளில் பிடிக்கிறது.

கேட்க வேண்டியவை: இந்தக் காற்று எப்போது ஓயும். மேற்கே அந்த மலைக்கு அப்பால் என்ன. கடைக்காரர் என்னைவிட இளையவர், அவரையும் ஏன் அண்ணாச்சி என்கிறார்கள்.

ஜூலை 6, சனி

தேங்காய்ப்பால் சொதி இங்கேயும் இருக்கிறது! பாசிப்பருப்பு போட்டு, கெட்டியாக. நல்ல ருசி. அம்மாவிடம் சொல்லக் கூடாது.

தே.யின் தாயார் எஸ்தர் அம்மாள். கணவர் உபதேசியார், வள்ளியூர்ப் பக்கம் ஊர் ஊராகப் பிரசங்கம், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. எ. அம்மாள் பேசிக்கொண்டே இருப்பார், நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். நல்ல பொருத்தம். இன்று அவருடைய அப்பாவைப் பற்றி. பனையேறி. "நெஞ்சுல தோலு காச்சுப்போயி கிடக்கும், ய்யா. தொட்டா மரப்பட்டை மாதிரி. அந்தக் கருப்பட்டி வித்துதான் என்னைப் படிக்கப் போட்டாரு." அச்செழுத்து சரளம். வேதம் முழுவதும் வாசித்திருக்கிறார். கையால் எழுதியதைத்தான் வாசிக்க வராது.

எல்லாவற்றையும் அம்மாவுக்கு எழுதினேன். நான்கு பக்கம். ஆறு, பனையேறித் தாத்தா, சொதிகூட. ஒன்று விடவில்லை.

ஜூலை 25, வியாழன்

தூறல். வகுப்பெடுத்துக் காட்டும் நாள். என் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் ஒரே சிரிப்பு. ஆனால் கவனித்தார்கள்.

தே. கடிதம். எ. அம்மாள் அடுப்பை விட்டு வந்து உட்கார்ந்தார். "பைய வாசிய்யா. முழுங்காத." வாசித்தேன். சுகம். பள்ளிக்கூடம் நல்லது. பிறகு இது: "ஒரு வாரமாக எனக்கென்று தனி வட்டிலும் செம்பும் எடுத்து வைத்திருக்கிறார்கள். வேறு யாரும் அவற்றைத் தொடுவதில்லை. பின் தாழ்வாரத்தில் நல்ல காற்று. சாப்பாடு அங்கேதான்."

"பாத்தியா! எம் பிள்ளைக்குத் தனி வட்டிலாம்லா! உங்க அம்மா மகராசி."

கிறிஸ்தவ வீடு என்பதால் இவருக்குச் சந்தேகமே எழவில்லை. எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பின் தாழ்வாரத்து வட்டில், பனையேற வருபவருக்கும் கிணறு இறைக்க வருபவருக்கும். தின்றுவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். முதல் மூன்று வாரம் தே. எல்லாரோடும் கூடத்தில்தான் சாப்பிட்டான்; அம்மாவே எழுதியிருந்தாள். மாறியது என் நான்கு பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு.

தே.க்கு விளங்காமலா இருக்கும்? தாயாருக்காகக் காற்றைப் புகழ்கிறான். எனக்கு வெட்கம்.

ஜூலை 26, வெள்ளி

சொல்லவில்லை. சொன்னால் தே.யைத் திருப்பி அழைப்பார்கள், நானும் மூட்டை கட்ட வேண்டும், இரண்டு பேர் படிப்பும் போச்சு. சொல்லாவிட்டால் அவனுக்கு இன்னும் பதினொரு மாதம் தாழ்வாரம்.

செருப்பு வார் அறுந்தது. பாடக் குறிப்பு எழுதவில்லை.

ஜூலை 27, சனி

மதியம் சாப்பிட உட்கார்ந்தால், புது வெண்கல வட்டில். எ. அம்மாள் கடைக்குப் போய் வாங்கி, புளி போட்டுத் துலக்கி, முன்னறையில் எனக்கு மட்டும் தனியாக வைத்திருக்கிறார். "அங்கன அவனுக்கு அப்படிச் செய்யுதாங்க. இங்கன நீ அவன் பழைய வட்டில்ல தின்னா எனக்கு நல்லாவா இருக்கும்? இனி இதை நாங்க யாரும் தொட மாட்டோம்."

வட்டிலைத் தள்ளி வைத்தேன். சொல்லிவிட்டேன். தாழ்வாரம் யாருக்கு என்று, எழுதிக் கெடுத்தது நான் என்று, எல்லாம்.

அழுவார் என்று நினைத்தேன். கோபம்தான். "வேதக்காரங்கன்னுல்லா நம்பி அனுப்பினேன்! எங்க அப்பா ஏறின மரம் உங்க அம்மாவை என்ன செஞ்சுது? உபதேசியார் வரட்டும். எம் பிள்ளை அடுத்த கப்பல்ல வந்தாகணும்." கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைப் பார்க்காமல்: "தின்னுலே. சோறு என்ன பாவம் பண்ணிச்சு."

எழுந்து போய் தே.யின் வட்டிலை எடுத்துக்கொண்டு அடுப்பருகே அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பரிமாறவும் இல்லை, விரட்டவும் இல்லை. நானே போட்டுத் தின்றேன்.

ஜூலை 29, திங்கள்

வெயில். உபதேசியார் நாளை வருகிறார். அதற்குள் அம்மாவுக்கு எழுதியாக வேண்டும். மூன்று தாள் கிழித்தேன். மிஞ்சியது இவ்வளவு:

"அன்புள்ள அம்மா, பனையேறியின் மகள் ஆக்கிய சோற்றைப் பனையேறியின் பேரன் வட்டிலில் ஒரு மாதமாகச் சாப்பிடுகிறேன். ஆகவே நான் வந்தால் என் இடமும் பின் தாழ்வாரம்தான். எனக்கும் ஒரு வட்டில் கவிழ்த்து வையுங்கள். மனம் வரவில்லையென்றால் இன்றைக்கே தேவசகாயத்தைக் கூடத்துக்குக் கூப்பிடுங்கள்."

எ. அம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். அடுப்பில் ஏதோ கிண்டினார்.

"பதிலுக்குப் பத்து நாள் பொறுக்கேன். அதுவரைக்கும் அவுககிட்ட சொல்லலை. போட்டுட்டு வா."

போட்டுவிட்டேன்.