கோட்டுக்குக் கீழே இறங்கிய தண்ணீர்

அக்காவுக்குத் தம்பி வணங்கி எழுதுவது. நான் கல்லு மாதிரி இருக்கிறேன். உன் முட்டிவலி தேவலையா?

இங்கே ஒரு கோடீஸ்வரர், ஊர் ஜனங்கள் ஆடி ஓடிக் களிக்கப் பொழுதுபோக்கு மையங்கள் கட்ட அள்ளிக் கொடுத்திருக்கிறார். எல்லாம் என் கையை நம்பித்தான். முதல் மையத்தின் நீச்சல் குளத்துக்கு டைல்ஸ் ஒட்டியது நானாக்கும். "ஒரு சொட்டு ஒழுகினாலும் என்னை ஊருக்கு அனுப்பிடுங்க" என்று மேஸ்திரியிடம் மார்தட்டியிருக்கிறேன்.

நேற்று தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் கோடு போட்டோம். இன்று நாலு விரல் இறங்கியிருக்கிறது.

"வெயில் குடிச்சிருக்கும்" என்றேன்.

"வெயிலுக்கு அவ்வளவு தாகமா, மாப்ளே?" என்றார் மேஸ்திரி.

நாளை கோடீஸ்வரரே திறக்க வருகிறார். அதற்குள் மறுபடி அளப்பார்கள். நீ கவலைப்படாதே.

ஊரில் என் அறையை நீ வாடகைக்கு விட்டது நல்லதுதான். கூடத்தில் ஒரு பாய் விரிக்க இடமிருக்கிறதா என்று மட்டும் எழுது.

மேஸ்திரி அளவுகோலோடு வருகிறார். மற்றதை நேரில் சொல்ல வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.