நீ இழுக்காத விளக்கு

பூவரசங்கட்டைக்குள் காய்ச்சிய கம்பி இறங்கும்போது எழும் புகை உனக்குத் தெரியும். இன்று காலை அது கண்ணில் ஏறியதும், எதிரே கயிற்றோடு நீ உட்கார்ந்திருப்பதாக நினைத்து, "கொஞ்சம் தள்ளி உக்காரு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே கோபம் வந்தது. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். அதற்குச் சில வருஷம் முன்பே இந்தக் கொட்டகையை விட்டுப் போய்விட்டாய். இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும். வாய்க்குத்தான் தெரியவில்லை.

போன வாரம் ஆவடி கேம்ப் பங்களாவிலிருந்து பட்லர் வந்தார். கையில் துணி சுற்றிய மேஜை விளக்கு. உலக யுத்த காலத்தில், கேம்புக்குக் கரண்ட் வந்த புதிதில், அந்தத் துரைசானிக்கு நாம் செய்துகொடுத்த ஜோடியில் ஒன்று. மற்றது கீழே விழுந்து கழுத்தோடு முறிந்துவிட்டதாம். துரையும் துரைசானியும் சீமைக்கே திரும்புகிறார்கள். கப்பல் ஏறுவதற்குள் ஜோடி சேர்த்துத் தரவேண்டுமாம்.

"ஒத்த வெளக்க எடுத்துக்கினு போவ மாட்டேன்னு அந்தம்மா ஒரே பிடிவாதம், பெரியவரே" என்றார்.

பிடிவாதம் எனக்குப் புரிகிற பாஷை. சரி என்று சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு விளக்கை மடியில் வைத்துக்கொண்டு தடவிப் பார்த்தேன். கழுத்திலிருந்து அடிவரை விரலில் ஒன்றும் இடறவில்லை. நாம் நல்ல வேலைதான் செய்திருக்கிறோம்.

நீயும் நானும் ஆசாரி வீட்டில் பிறந்தவர்கள் இல்லை. நான் கள்ளிக்குப்பத்தில் ஏர் பிடித்தவன். நீ சேக்காட்டிலிருந்து ஊர் ஊராகக் கிணறு தூர்வாரப் போனவன். பூந்தமல்லிச் சந்தையில் தொட்டில் கால் கடைந்துகொண்டிருந்தவரைக் கூட்டத்தோடு நின்று பார்த்தோம். அவர் சொல்லித் தரவில்லை, நாமும் கேட்கவில்லை. பார்த்ததை நினைவில் வைத்து இந்தக் கொட்டகையில் நாமே ஒரு கடைசல் கட்டினோம். இரண்டு முளைக்கு நடுவே கட்டை. கட்டையைச் சுற்றிக் கயிறு. கயிற்றின் இரு முனையும் உன் கையில், உளி என் கையில். நீ வலக்கையை இழுத்தால் கட்டை என் பக்கம் சுழன்று வரும், உளியை வைப்பேன். இடக்கையை இழுத்தால் எதிர்ப்பக்கம் சுழலும், உளியை மயிரிழை தூக்குவேன். வைப்பதும் தூக்குவதும் உன் இழுப்பைப் பார்த்துத்தான். சில நாளிலேயே பார்க்கவேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. நீ பீடி பற்றவைக்கப் போகிறாய் என்பதுகூட எனக்கு உளியில் தெரிந்துவிடும்.

முதன்முதல் செய்த விளக்குகள் நினைவிருக்கிறதா? அழகாகக் கடைந்து முடித்து, கடைசியில் ஒயர் போக ஓட்டை போடலாம் என்று கம்பியைக் காய்ச்சி இறக்கினேன். உள்ளே கோணிக்கொண்டு போன கம்பி, கழுத்துப் பக்கமாக வெளியே எட்டிப் பார்த்தது. அடுத்ததிலும் அப்படியே. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"அண்ணாத்தே, கரண்டுக்கு ஜன்னல் வச்சிட்டியே."

எனக்கு அடிக்கலாம் போல இருந்தது. சிரித்து முடித்துவிட்டு நீதான் சொன்னாய்: "ஓட்டைய மொதல்ல போட்டுக்கலாம். அப்பால வெளக்க அத்த சுத்தி கடஞ்சிக்கலாம்." அப்படியே செய்தோம். வெறுங்கட்டையில் முதலில் துளை, துளையின் இரு வாயிலும் ஆப்பு, அந்த ஆப்புகளில் முளையைக் குத்திக் கடைசலில் ஏற்றினோம். அதன்பிறகு ஒரு கம்பியும் வெளியே எட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் எனக்கே அது தோன்றியிருக்கும் என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

துரைசானி இந்த ஜோடியை வாங்கிப்போக இங்கேயே வந்தாள். யார் செய்தது என்று பட்லரை விட்டுக் கேட்டாள். நான்தான் என்றேன். கயிற்றுக்குப் பின்னாலிருந்து நீ குரல் கொடுத்தாய்: "பாதி நானு, தொரைசானி." பட்லர் அதையும் மொழிபெயர்த்தார். அவள் சிரித்துவிட்டு வண்டியேறினாள். அந்தச் சிரிப்புதான் என்னைக் குத்தியது.

"வந்தவங்க எதிர்ல இன்னா பேச்சு அது?" என்றேன்.

"உள்ளதத்தான் சொன்னேன். நீ உளிய புட்சிக்கினு கீறே. கட்டய யாரு சுத்தறது, காத்தா?"

"இழுக்கறதுக்கு ஒரு மாட்டக் கட்னாக்கூட ஆவும்."

"அப்ப மாட்டயே கட்டிக்கோ அண்ணாத்தே" என்றாய். குரலை உயர்த்தவில்லை. கயிற்றை ஒழுங்காகச் சுருட்டி ஆணியில் மாட்டினாய். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனாய்.

வேலை செய்கிற இடத்தில் வாயில் வந்த ஒரு சொல். அதற்குக் கயிற்றைச் சுருட்டவேண்டுமா? கேம்பில் மூட்டை தூக்கப் போய்விட்டாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். நீ வருவாய் என்று நான் இருந்தேன். நான் கூப்பிடுவேன் என்று நீ இருந்திருப்பாய். பட்டாபிராம் ஸ்டேஷனில் ஒரு தரம் எதிரெதிரே வந்தோம். நீ கைகாட்டி மரத்தைப் பார்த்தாய். நான் என் செருப்பைப் பார்த்தேன். ரயில் வந்தது. நீ ஒரு பெட்டியில் ஏறினாய், நான் வேறு பெட்டி.

உனக்குப் பிறகு ஒன்றிரண்டு பேரைக் கயிற்றில் உட்காரவைத்துப் பார்த்தேன். ஒருவன் வெடுக்வெடுக்கென்று இழுத்து உளியைத் தெறிக்கவிட்டான். இன்னொருவன் பாதியில் தூங்கிவிட்டான். யார் தயவும் வேண்டாம் என்று நானே ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை நிறுத்தி, வார் பூட்டி, காலால் மிதித்துச் சுற்றுகிற மாதிரி அமைத்துக்கொண்டேன். கட்டை இப்போது ஒரே பக்கமாகத்தான் சுழல்கிறது. நாள் முழுக்கக் கொட்டகையில் பேச்சுக்குரல் கிடையாது. வார் உரசுகிற சத்தம் மட்டும்தான்.

நீ போன செய்தி எனக்குக் கிருஷ்ணாயில் கியூவில் கிடைத்தது. முன்னால் நின்ற ஒருவர், "சேக்காட்டுல கெணறு தூர்வாருவாரே ஒரு பெரியவரு, அவர அடக்கம் பண்ணிட்டாங்களாம்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். உன் மகள் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. அதை நான் மறக்கப்போவதில்லை. எண்ணெய் வாங்காமலே வரிசையை விட்டு வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் சர்ச் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். புது மண் இரண்டு மூன்று இடத்தில் இருந்தது. எது நீ என்று கேட்க ஒருவரும் இல்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

விளக்குக்கு வருகிறேன். இந்த ஒரு வாரமாகக் கடைந்து பார்க்கிறேன். உருவம் வந்துவிடுகிறது. அளவு அப்படியே நிற்கிறது. கழுத்துக்குக் கீழே வந்தால் மட்டும் விளக்கின் உடம்பெல்லாம் மெல்லிய கோடு விழுகிறது. கண் மங்கிவிட்டது என்று நினைத்தேன். உளியைத் தீட்டினேன். கட்டையை மாற்றினேன். நேற்று மெதுவாக மிதித்துக்கொண்டு கையையே கவனித்தபோதுதான் தெரிந்தது. சக்கரம் ஒரே பக்கம் சுற்றும்போது உளியைத் தூக்கவேண்டிய வேலையே இல்லை. ஆனாலும் கை தூக்குகிறது. தூக்கி வைக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோடு. சின்ன வேலைகளில் இது கண்ணில் படவில்லை. உன் இழுப்பில் கடைந்ததைப் பக்கத்தில் வைத்த பிறகு மறைக்க முடியவில்லை. மணிக்கட்டைத் துணியால், உளியைத் தாங்கும் கட்டையோடு சேர்த்துக் கட்டியும் பார்த்தேன். கட்டுக்குள்ளேயே அது எழுந்தது.

இன்று சாயங்காலம் பட்லர் வந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தடவினார்.

"இன்னா பெரியவரே, இதுல கோடு கோடா கீது? அதுல ஒண்ணும் இல்லியே."

"அது வேற."

"அப்ப அத்த செஞ்சது நீங்க இல்லியா?"

"ரெண்டு பேரு செஞ்சோம்."

"அப்ப அவரயும் இட்டாந்து செஞ்சிருக்கலாமே?"

"அவன் செத்துட்டான்" என்றேன்.

யாரிடமும் இதுவரை நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. பட்லர் குழந்தையைச் சுற்றுவதுபோல இரண்டையும் ஒரே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். துரைசானிக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ, இதற்கு மேல் என்னால் ஆகாது.

இரண்டு பேர் என்று சொன்னேன். பாதி என்று சொல்லவில்லை. அதைச் சொல்லமாட்டேன், அங்கே உட்கார்ந்துகொண்டு நீ எவ்வளவு சிரித்தாலும் சரி. நாளைக்கும் கொட்டகையைத் திறப்பேன், சக்கரத்தை மிதிப்பேன். எதிரே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் கை உளியைத் தூக்கிக்கொண்டு, நீ கயிற்றை மறுபடி இழுக்கிற அளவு நேரம் நின்றுவிட்டுத்தான் கட்டையில் இறங்கும்.